தலைச்சுமை இல்லாத ஊரில் ஒரு சுமைதாங்கி

குற்றாலநாதர் கோயில் குழல்வாய்மொழி அம்மை முன்னே போக, நான் பின்னே போன பயணம் இது. வேறு மாதிரி இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்யாணமாகி மும்பைக்குப் போய், பாதி ஆயுசை மளிகைக் கடையில் பருப்பு நிறுத்தே கழித்தவள். அமெரிக்காவில் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு, அதன் தாய்க்கல்லைத் தேடிப் பிறந்த ஊருக்கு வருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன வருஷம் மகன் வீட்டுக்குக் கான்சாஸ் போயிருந்தேன். வானமும் கோதுமையும் மட்டும் இருக்கிற சீமை அது. மரம் கிடையாது. வேலிக்கு நடுகிற கம்பைக்கூட அந்தக் காலத்தில் கல்லில்தான் வெட்டி நட்டிருக்கிறார்கள். மகன் வீட்டுக்கு அடுத்த வீடு மார்த்தா என்கிற அம்மாவுடையது. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். நான் இட்லி கொடுத்தால் அவர் ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்று செய்து கொடுப்பார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. மருமகள் காவ்யாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த மார்த்தா எங்களைத் தன் பூர்வீகப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். பண்ணை வாசலில் இரண்டு கல் நின்றது. அவற்றின் மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். என் நெஞ்சு உயரம். இடது பக்கக் கல்லில் ஒரு சின்ன மாடக்குழி. சின்னப் பிள்ளையில் அந்தக் குழிக்குள் மிட்டாய் ஒளித்து வைப்போம் என்று மார்த்தா சிரித்தார். உட்காரவும் முடியாது, கதவும் மாட்ட முடியாது, எதற்காக நட்டார்களோ தெரியாது என்றார்.

அந்தப் பலகைக் கல்லில் கையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"வயித்துப் பிள்ளையோட யாரு செத்துப் போனான்னு கேளு," என்றேன் காவ்யாவிடம்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சுமைதாங்கி என்றால் தெரியாது. சூலியாக இருக்கிற ஒருத்தி பிள்ளையைப் பெறாமலே இறந்துபோனால், வழிப்பாதையில் இப்படி மூன்று கல்லை நிறுத்துவார்கள். விறகோ நெல்லோ சுமந்து வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கலாம், இளைப்பாறிவிட்டுத் திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அவர்கள் பாரம் இறங்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் இறங்கும் என்று நம்பிக்கை. என் அக்கா செண்பகம் ஏழு மாதத்தில் போனாள். அப்பா கல் நட வேண்டும் என்றுதான் சொன்னார். "இப்ப யாருய்யா தலையில சுமந்துட்டுப் போறா?" என்று சொந்தக்காரர்கள் அந்தப் பேச்சை அன்றைக்கே முடித்துவிட்டார்கள்.

நான் கேட்டதைக் கேட்டு மார்த்தா காரின் மேல் சாய்ந்துவிட்டார். பிறகு சொன்னார். அவருடைய அம்மாவின் பாட்டி எமிலி. புல்வெளியில் மண் கட்டியை வெட்டி அடுக்கி வீடு கட்டி, ஓநாய் ஊளையிடும்போது பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு படுத்து, அந்த நிலத்தைப் பண்ணையாக்கியவள். முதல் பிள்ளை பிறந்த வருஷம் புருஷனிடம் அடம்பிடித்து அந்தக் கல்லை நட வைத்திருக்கிறாள். சின்ன வயதில் தகப்பனோடு கப்பலில் வந்தவள். எங்கிருந்து வந்தாள், தாய் யார் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. பிள்ளைகள் நச்சரித்தால் சொல்லுவாளாம்: "என் அம்மா வழியோரத்தில் நிற்கிறாள். போகிறவர் வருகிறவர் சுமையை வாங்கிக்கொள்கிறாள்." கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். இன்னும் சிலது சொல்லியிருக்கிறாள். மலையிலிருந்து தண்ணீர் விழும், ஊரே வந்து அதில் குளிக்கும். வெயில் அடிக்கும்போதே மழை தூறும். குரங்கு கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கும். கிராம்பு வாசனை வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுவிடுவாளாம்.

எச்சிலைத் துப்பி அனுப்பினால் வம்சம் சொல்கிற பரிசோதனை அங்கே உண்டு. மார்த்தாவும் செய்து பார்த்திருக்கிறார். தென்னிந்திய ரத்தம் கொஞ்சம் இருப்பதாக வந்ததாம். அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறார்.

"அம்மா, இது குற்றாலம்," என்றேன். வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டு வெள்ளைக்காரத் துரைகள் இருந்த ஊர். வேறு எந்த ஊரில் குரங்கு ரொட்டியைப் பிடுங்கும், வெயிலில் சாரல் விழும்?

பண்ணையை விற்கப் போகிறார்கள். வாங்குகிறவருக்குப் பெரிய அறுவடை இயந்திரம் உள்ளே வர வேண்டும், வாசலில் கல் இடைஞ்சல். மார்த்தா சொன்னதைக் காவ்யா அப்படியே சொன்னாள்: "பெயர் தெரிந்தால் அது எமிலியின் அம்மாவுக்கு வைத்த நினைவு. பெயர் தெரியாவிட்டால் வெறும் கல். வெறும் கல்லை எடுக்காதே என்று நான் எந்த முகத்தோடு சொல்ல?"

நான் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்து போகும்போது வழியில் ஒரு சுமைதாங்கி உண்டு. அக்காவும் நானும் சோற்றுத்தூக்கை அதன் மேல் வைப்போம். எனக்கு எட்டாது. அப்பா என்னைத் தூக்கிப் பிடிப்பார்.

சாரல் தொடங்கிய ஆனி மாதம் தென்காசி வந்து இறங்கினேன். தம்பி கணேசன் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர் கொண்டு வந்திருந்தான். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்னமும் நடக்கும்போது இரண்டு கையும் பின்னால்தான் இருக்கும்.

"அமெரிக்கா போயிட்டு வந்தவ கார்லதான் வருவேன்னு சொல்லுவியோன்னு நெனச்சேன்க்கா."

"ஏலே, மொதல்ல கோயிலுக்கு விடு."

காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் அந்தக் காற்று அப்படியே இருக்கிறது. கோபுரத்துக்குள் நுழையும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுக்கிற மாதிரி எதிரே அடிக்கும். பாதி தாண்டினால் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். மும்பையில் கடலோரம் வீடு, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தக் காற்றுக்கு என்னைத் தெரியும். உலகம்மன் சன்னதியில் நின்று, "தாயே, யாரோ ஒருத்தி பேரு வேணும், நீதான் தரணும்," என்று கேட்டேன். அர்ச்சகர் கொடுத்த திருநீற்றைப் பொட்டலமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தம்பி பெண்டாட்டி பேச்சி சொதியும் இஞ்சித் துவையலும் வைத்திருந்தாள். கான்சாஸில் ஆறு மாதம் நாக்கு செத்துக் கிடந்தது. இரண்டு முறை சோறு வாங்கினேன்.

"மைனி, வெள்ளக்காரிக்கு நம்ம ஊர்ல சொந்தமா? அப்போ நாளைக்குச் சொத்துல பங்கு கேட்டு வந்துருவாளா?" என்றாள் பேச்சி.

"இருக்கதே இந்த ஓட்டு வீடு. அவளுக்கு அங்க கண்ணுக்கு எட்டுன மட்டும் நெலம் கெடக்கு," என்றேன்.

"அப்போ நாமதான் போய்ப் பங்கு கேக்கணும்," என்றான் கணேசன்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. வண்டி இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. கணேசன் அதைப் பிடித்து வைத்து, கைதியை விசாரிப்பது போலப் பார்த்தான். அது வாயைத் திறக்கவில்லை. வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். உள்ளே செங்கோட்டைக் குடும்பம் ஒன்று. பாட்டியும் பேத்தியும் மருமகளும், மூன்று பேர் மடியிலும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். மருமகள் மாமியாரிடம், "அருவியில தண்ணி கூடுதலா வருதாம், குளிக்க விடமாட்டாங்களாம்," என்கிறாள். மாமியார், "அப்போ எண்ணெய் தேய்ச்ச தலையோட திரும்பிப் போகவா? நான் குத்தாலநாதரையே வெளிய கூப்பிட்டுக் கேப்பேன்," என்கிறாள். ஆட்டோவே சிரித்தது.

அந்த அம்மா சொன்னது சரிதான். பேரருவியில் வெள்ளம். கயிறு கட்டிவிட்டார்கள். தலையில் எண்ணெய் வழிய ஜனம் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குரங்கு கம்பி வேலியில் உட்கார்ந்து, யார் கையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பையனின் பன்னைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவன் அழ, எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. எமிலியும் இப்படித்தானே அழுதிருப்பாள்.

குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, கல்லைத் தேடிச் சாலையோடு நடந்தோம். இரண்டு பக்கமும் லாட்ஜ், சிப்ஸ் கடை, பொம்மைக் கடை. நான் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல்லைத் தேடுகிறேன். கேட்டவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு ஆட்டோக்காரர், "சுமைதாங்கியா? ரோடு அகலம் பண்ணயில எடுத்திருப்பாங்கம்மா. போன்ல போட்டுப் பாத்தீங்களா?" என்றார். போனில் போட்டால் ஏதோ லாரி கம்பெனி வந்தது.

கால் ஓய்ந்து, ஒரு பழக்கடையில் உட்கார்ந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு தாழ்ந்த கல் பலகை, அதன் ஒரு பாதியில் மங்குஸ்தான் கூடை, மறுபாதி வாடிக்கைக்காரர் உட்கார. கடைக்காரி பெயர் மைதீன் பாத்து. என் வயதுதான் இருக்கும். மகன் சவுதியில், தம்மாமில் இருக்கிறானாம்.

"அவ்வளவு ஒசரத்துக்கா? இங்கன கெடையாதேக்கா. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து இதே எடந்தான். எங்க மாமி காலத்துலயும் கூடையை இங்கனதான் இறக்குவாக." பழத்தை அழுத்தி உடைத்து வெள்ளைச் சுளையை நீட்டினாள். "நாளைக்கு நானே எங்கன இருக்கப் போறேனோ. வாய்க்கால் தோண்ட மிசினு வருது. இந்தக் கல்லையும் தூக்கிருவாகளாம்."

"தூக்குனா வேற பெஞ்சு போட்டுக்கோ," என்றான் கணேசன்.

"ஏட்டையா, பெஞ்சு கெடைக்கும். கைராசிக்கு எங்க போக? இந்தக் கல்லுல வச்ச கூடை ஒருநா சாயந்தரம்கூட மிச்சத்தோட திரும்புனது இல்ல."

இரவு படுத்தபோது தேடி வந்தது வீண் என்றுதான் தோன்றியது. அக்காவோடு நடந்த பாதை என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மார்த்தாவிடம் எப்படிச் சொல்வது என்று காவ்யாவைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் அருவியில் தண்ணீர் நிதானமாக விழுந்தது. பெண்கள் பக்கம் வரிசையில் நின்று தலையைக் கொடுத்தேன். சம்மட்டியால் அடிக்கிற மாதிரி முதுகில் விழுந்தது. மகன் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திருகினால் பூ மாதிரித் தூறும், அதில் குளித்தால் குளித்த மாதிரியே இராது. பக்கத்தில் நின்ற பெண் யாரென்று தெரியாது, வழுக்காமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பிரிந்தோம். ஈரத் தலையோடு திரும்பும்போது சாலையில் கூட்டம். ஜேசிபி மண்ணைத் தோண்டிப் போட்டிருந்தது. மைதீன் பாத்து இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கல் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இறங்குங்கம்மா, வேலை நிக்குது," என்கிறான் மேற்பார்வை பார்க்கிற பையன்.

"என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டு வாய்க்காலை வெட்டு."

நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். உட்காருகிற உயரத்தில் இருந்த அந்தப் பலகைக்குக் கீழே இரண்டு கல் தூண்கள் மண்ணுக்குள் இறங்கிப் போயிருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகத் தார் அடுக்கு, ஜல்லி அடுக்கு, செம்மண். இத்தனை வருஷமாக ரோடு போட்டுப் போட்டு மேலே வந்திருக்கிறது. கல் அப்படியே நின்றிருக்கிறது. நேற்று நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டே அதைத் தேடியிருக்கிறேன்.

"கணேசா, அந்த எடது காலைப் பாருலே," என்றேன்.

அவன் பள்ளத்துக்குள் இறங்கி, ஈர மண்ணைக் கையால் வழித்தான். மாடக்குழி. கான்சாஸில் மார்த்தா மிட்டாய் ஒளித்த அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு. எத்தனையோ சுமைதாங்கி பார்த்திருக்கிறேன், விளக்குக் குழி வைத்து நான் பார்த்தது இந்த இரண்டைத்தான். தாயின் கல்லை எமிலி சின்னக் கண்ணால் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறாள். மறக்காமல் அங்கே போய் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறாள்.

நானும் பள்ளத்துக்குள் இறங்கினேன். மாடத்துக்குக் கீழே எழுத்து இருப்பது தடவினால் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டு அள்ளிப் பூசினேன். மேலே இருந்ததை உள்ளங்கையால் வழித்தேன். எழுத்தின் குழிவில் நின்றது மட்டும் வெள்ளையாகத் தங்கியது. பழைய எழுத்து, புள்ளி இல்லாத எழுத்து. நான் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தேன். முதல் வரி சிதைந்துவிட்டது. "தோட்டத்துத் துரை" என்று ஒரு இடத்தில். கொஞ்சம் தள்ளி, "பெண்சாதி". அதற்கும் கீழே, உடையாமல், "உலகம்மாள்".

முந்தாநாள் சன்னதியில் நின்று பெயர் கேட்டேன். அவள் தன் பெயரையே கொடுத்திருந்தாள்.

மைதீன் பாத்து மேலேயிருந்து, "என்னக்கா, அழுதியளா? என்ன எழுதியிருக்கு?" என்றாள். சொன்னேன். வயிற்றுப் பிள்ளையோடு போனவள் என்றதும் அவள் பலகையிலிருந்து இறங்கிவிட்டாள். தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது தெரியாம இத்தனை வருசம் மேல உக்காந்து காலாட்டியிருக்கேனே," என்றாள்.

கணேசன் பள்ளத்திலிருந்து ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பையனிடம் போனான். "தம்பி, எப்படியும் மிசினு வச்சுத் தூக்கத்தானே போறே? தூக்கி, ரெண்டு அடி தள்ளி நட்டுட்டுப் போ."

"சார், எனக்கு வாய்க்கால் வெட்டத்தான் உத்தரவு."

"நடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கா?"

பையன் தலையைச் சொறிந்தான். ஜேசிபி ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "எனக்கு ஊரு கடையம் அண்ணாச்சி. எங்க ஊரு வழியிலயும் ஒண்ணு நிக்குது. எங்கம்மா புல்லுக்கட்ட அதுல இறக்கி வச்சுட்டுத்தான் எனக்குப் பால் குடுப்பாளாம்." பையனைப் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வாங்க சார். வர்றதுக்குள்ள முடிச்சிருதேன்."

பெல்ட்டு போட்டு, சாக்கு சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரித்தான் தூக்கினார். புதுக் குழி தோண்டி நட்டு, மேலே பலகையை ஏற்றியபோது கல் தன் உயரத்துக்கு வந்துவிட்டது. என் நெஞ்சு உயரம். அப்பா என்னைத் தூக்கிப் பிடித்த உயரம். பேச்சி கொடுத்துவிட்ட சோற்றுத்தூக்கு கையில் இருந்தது. அதை எடுத்து மேலே வைத்தேன். இந்தத் தடவை எட்டியது.

மைதீன் பாத்து மங்குஸ்தான் கூடையைத் தலையிலிருந்து யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கி வைத்தாள். "கூடைக்குச் சரிதான். நான் எங்கன உக்காரன்னு ஒருத்தரும் யோசிக்கல பாருங்க," என்றாள்.

அன்று சாயங்காலம், மார்த்தாவுக்குக் காலை நேரம், வீடியோவில் பேசினோம். மாடக்குழியின் படத்தைக் காட்டியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெயரைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். ல-வும் ள்-ளும் அவர் வாயில் தடுக்கி விழுந்து எழுந்து வந்தன. "உலகத்துக்கு அம்மா என்று அர்த்தம்," என்று காவ்யா சொன்னாள். எத்தனையோ பேர் பெயரைக் கண்டுபிடித்துக் குடும்ப வரிசையில் எழுதினேன், இந்த ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது என்றார். நான் போனை வைக்கப் போகும்போது ஒன்று கேட்டார்.

"அன்றைக்குப் பண்ணை வாசலில் நீங்கள் அழுதீர்கள். அப்போது எமிலியின் அம்மாவை உங்களுக்குத் தெரியாதே. யாருக்காக அழுதீர்கள்?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அக்காவின் பெயரை எழுதிக் காட்டும்படி காவ்யாவிடம் சொன்னார்.

மும்பைக்குத் திரும்பி, கடையில் உட்கார்ந்திருக்கும்போது படம் வந்தது. பண்ணை விற்றாகிவிட்டது. வாங்கியவர் கல்லைத் தொடவில்லை, வேறு பக்கம் வாசல் வைத்துக்கொண்டாராம். மாடக்குழியில் ஒரு மெழுகுவர்த்தி. அதன் கீழே தமிழில் இரண்டு பெயர் வெட்டியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல்தான், தமிழ் தெரியாதவர் பார்த்து வெட்டியது. மேலே உலகம்மாள். அதற்குக் கீழே செண்பகம்.

யார் தலையில் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று கேட்ட பெரியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. இருந்தால் அந்தப் படத்தைக் காட்டியிருப்பேன். பலகைக் கல்லின் மேல் மார்த்தாவின் மளிகைப் பை இருக்கிறது. வெறுங்கையை உதறிக்கொண்டு, பக்கத்தில் அவர் நிற்கிறார்.